முன்வரியில் வந்த பெயர்

சிங்கவரம் ஏரிக்கரையில், மடைக்குப் பக்கத்தில், பத்துக்குப் பத்தில் ஓர் அறை இருக்கிறது. மேலே ஓடு. ஒரு ஜன்னல். அதற்குக் கம்பி கிடையாது. ஒரு புதன்கிழமை உச்சிவேளையில் என் கணினியைச் சாக்கில் சுற்றி மொபெட்டின் பின்னால் கட்டிக்கொண்டு அங்கே போய் இறங்கினேன். வழியில் இரண்டு பேர் ஆடா என்று கேட்டார்கள். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். கணினி என்றால் நின்று விளக்க வேண்டியிருக்கும்.

பங்குனி வெயில். அன்று எதிரே தெரிகிற ராஜகிரிக் குன்றின் பாறையில் உட்காரப் போன காகம் பாதியில் மனம் மாறித் திரும்பியதை நானே பார்த்தேன். அப்படிப்பட்ட வெயிலில் அந்த அறைக்குள் மட்டும் குளிர்ந்திருந்தது. சேற்று வாடை அடித்தது. ஏரிக்குப் பக்கத்தில் சேற்று வாடை அடிக்காமல் மல்லிகையா மணக்கும் என்று நினைத்துக்கொண்டு மேசையைத் துடைத்தேன்.

வேலை இதுதான். ஏரியில் இன்னும் எட்டு நாள் தண்ணீர் இருந்தது. அதை நம்பிக் கதிர் விட்ட நெல்லோடு முப்பத்தொரு பேர் காத்திருந்தார்கள். ஆளுக்கு ஆறு மணி நேரம். யாருக்கு எப்போது முறை என்பதில் வருஷா வருஷம் மண்டை உடைகிறது என்று, ஏரிச் சங்கத் தலைவர் எழிலரசன் ஒரு தீர்மானம் போட்டார். இனிமேல் முறைப் பட்டியல் போனில் ஓர் இணையப் பக்கமாக வரும். அந்தப் பக்கத்தில் பெயர் இருந்தால் தண்ணீர், இல்லாவிட்டால் இல்லை. பட்டியல் முடிந்ததும் மடையைப் பூட்டி, மிச்சத் தண்ணீரை மீன் குத்தகைக்காரரிடம் விட்டுவிட வேண்டும். எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள். பக்கத்தை நடத்தும் பொறுப்பு எனக்கு. நான் கன்னியப்பன். தொலைபேசி நிலையத்தில் முப்பத்தெட்டு வருஷம் இருந்து ஓய்வு பெற்றவன்.

பக்கத்தைப் போன்களுக்கு அனுப்புகிற நிரலை, அதாவது சர்வரை, இலவசமாகவே எடுத்துப் போடலாம். உலகம் முழுக்க அப்படித்தான் செய்கிறார்கள். நான் நானே எழுதினேன். நானூற்றுப் பன்னிரண்டு வரி.

"ஓட்டல்ல இட்லி விக்கிறான்னா, நீ போயி அரிசி வெதைக்கிற ஆளு" என்றாள் என் மனைவி மீனம்பாள். கணினியின் விசிறிச் சத்தம் தாங்காமல் வீட்டைவிட்டு அதை வெளியேற்றியதும் அவள்தான். அதனால்தான் ஏரிக்கரை அறை.

ஒரு விஷயம் சொல்லிவிட வேண்டும். போன் ஒரு பக்கத்தைக் கேட்டால், சர்வர் பக்கத்தை மட்டும் அனுப்பாது. அதற்கு முன்னால் சில வரிகள் போகும். அனுப்புகிற சர்வரின் பெயர் என்ன, சரக்கு எந்த வகை, மொத்த நீளம் எவ்வளவு. மாப்பிள்ளை வீட்டார் வருவதற்கு முன் தாம்பாளம் தூக்கி வருகிறவர்கள் மாதிரி. போன் அந்த வரிகளைப் படித்துக்கொண்டு விழுங்கிவிடும், திரையில் காட்டாது. ஹெட்டர் என்பார்கள். நான் முன்வரி என்பேன். எழுதியவனைத் தவிர வேறு யாரும் எட்டிப் பார்க்காத இடம்.

ஓர் ஆள் சந்தடியில்லாமல் தங்க அதைவிட வசதியான இடம் கிடையாது. அப்போது எனக்கு இது தோன்றவில்லை.

சர்வரின் பெயர் என்று வருகிற வரியில் என் பெயரை வைத்திருந்தேன். ஆசைதான். யாரும் பார்க்கமாட்டார்கள் என்றாலும் முப்பத்தொரு போனுக்குள்ளும் என் பெயர் போய்வரும். எல்லாவற்றையும் பொருத்திவிட்டு, முன்வரிகளைக் காட்டச் சொல்லும் கட்டளையைத் தட்டினேன். மணி பன்னிரண்டு.

சர்வர்: பாவாடை

என்று வந்தது.

நிரல் முழுவதும் தேடினேன். அந்தப் பெயர் எங்கேயும் இல்லை. நிறுத்திவிட்டு மறுபடி ஓடவிட்டேன். பாவாடை. கணினியையே அணைத்துப் போட்டேன். பாவாடை. முன்வரிகளில் தமிழ் எழுத்து வரக்கூடாது என்று ஒரு விதி இருக்கிறது. நானே அந்த விதிக்குக் கட்டுப்பட்டு என் பெயரை ஆங்கிலத்தில்தான் எழுதியிருந்தேன். வந்தது சுத்தத் தமிழில் வந்தது.

எழிலரசனுக்கு போன் போட்டேன்.

"உங்க ஊர்ல பாவாடைன்னு யாருய்யா?"

"எந்தப் பாவாடை?"

"எத்தினி பாவாடை இருக்குது?"

"ஒம்பது. உசுரோட எட்டு."

"ஒம்பதாவது?"

"மடை தொறக்கிறவரு. நீங்க உக்காந்துக்கினு இருக்கிற ரூம்லதான் இருந்தாரு. பன்னெண்டு வருசம் ஆவுது. மடையில மரம் அடைச்சிக்கிச்சின்னு உள்ள எறங்கினாரு. சொல்லலையா உங்களுக்கு?"

"சொல்லல."

"சொல்லியிருந்தா நீங்க வந்திருக்க மாட்டீங்களே அண்ணே."

நியாயமான பதில். மேற்கொண்டு விசாரித்தேன். நாற்பது வருஷம் மடை பார்த்தாராம் பாவாடை. காகிதம் கிடையாது, பட்டியல் கிடையாது. முறை முழுக்க மனதிலேயே. படிக்காதவர், கைநாட்டு.

"கைநாட்டு எப்படிய்யா எழுதும்?" என்றேன்.

"எதுல எழுதிச்சு?"

"ஒண்ணுமில்ல" என்று வைத்துவிட்டேன். செத்த பிறகு படித்திருக்கலாம். பன்னிரண்டு வருஷம் என்பது ஒரு முழுப் பள்ளிப்படிப்பு.

வியாழன் காலை முதல் தண்ணீர் பாய ஆரம்பித்தது. எனக்கு எரிச்சலும் பாய ஆரம்பித்தது. பெயர் வரியையே நீக்கினேன். நீக்கிய வரி வந்தது. வேறு கணினியில் போட்டேன், வந்தது. வெள்ளிக்கிழமை நானூற்றுப் பன்னிரண்டு வரியையும் அழித்துவிட்டு முதலிலிருந்து எழுதினேன். சோறு இறங்கவில்லை. முடித்துப் பார்த்தால் என் பெயரும் இல்லை, பிழையும் இல்லை, அவர் மட்டும் இருந்தார்.

பெயரோடு போயிருந்தால்கூடப் பொறுத்திருப்பேன். நீள வரியிலும் கை வைத்தார். பக்கத்தின் நீளத்தை நான் கணக்கிட்டு 4790 என்று போட்டால், 5262 என்று போனது. பட்டியலில் முறை முடிந்தவர்களுக்கு எதிரே 'பாய்ந்தது' என்று சேர்ப்பேன். அதனால் எண் நாளுக்கு நாள் மாறும். நான் மாற்றினால் அவரும் மாற்றினார். ஒவ்வொரு தடவையும் என்னுடையதைவிட அதிகம்.

"என் கணக்க திருத்தறதுக்கு நீ யாருய்யா?" என்று ஜன்னலைப் பார்த்துக் கேட்டேன். ஆள் இல்லாத அறையில் தனியாகச் சண்டை போடுவது எழுபத்து மூன்று வயதில் ஒரு புது அனுபவம்.

சண்டை போட்டது நான் மட்டும்தான்.

நாள் தவறாமல் உச்சிவேளையில் சேற்று வாடை வரும். முதலில் லேசாக, வாசலில். பிறகு மேசைக்குப் பக்கத்தில். ஈரக்கால் தரையில் பட்டு எழும்புகிற ஒரு சத்தம், சோம்பலாக, அவசரமே இல்லாமல். மண்வெட்டியின் இலை தரையில் உரசுகிற சத்தம் ஒன்று. பிறகு என் நாற்காலிக்குப் பின்னால் எல்லாம் நின்றுவிடும்.

நான் திரும்பிப் பார்க்கவில்லை.

தைரியமில்லாமல் அல்ல. திரும்பினால் தட்டிக்கொண்டிருந்த வரி மறந்துவிடும்.

திங்கட்கிழமை வேலை முடித்து விசைப்பலகையைக் கவிழ்த்துத் தட்டினேன். களிமண் உதிர்ந்தது. ஈரமாக இருந்தது.

செவ்வாய்க்கிழமை முடிவு கட்டினேன். முன்வரிகளை ஒரே சரமாகக் கோர்த்து, அதற்கு மேல் யாரும் ஓர் எழுத்தும் சேர்க்க முடியாதபடி நிரலில் அடைத்தேன். அதே சமயம் மீனம்பாள் போன அமாவாசைக்கு மேல்மலையனூர் அம்மன் கோயிலிலிருந்து கொண்டுவந்த எலுமிச்சம்பழத்தைக் கணினியின் தலைமேல் வைத்தேன். அறிவியல் முறைப்படி இரண்டையும் ஒன்றாகச் செய்திருக்கக் கூடாது. எது வேலை செய்தது என்று தெரியாமல் போய்விட்டது.

சர்வர் வரியில் கன்னியப்பன் என்று வந்தது. நீள வரியில் நான் போட்ட எண்.

வாடை இல்லை. சத்தம் இல்லை. அறை சூடேற ஆரம்பித்தது. நான் வீட்டுக்குப் போய், ஒரு வாரம் கழித்து முதல்முறையாக இரண்டாம் தடவை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

வியாழன் உச்சிவேளை. மடை அறையில் உட்கார்ந்திருந்தேன். வாசலில் நிழல் விழுந்தது. பார்த்தால் ரத்தினம்மாள். புருஷன் இல்லை. கால்வாயின் கடைசியில் அறுபது சென்ட் நெல். போர்க் கிணறு கிடையாது. பட்டியலில் முப்பத்தொன்றாவது பெயர்.

"அண்ணா, எம் பேர காணோம்" என்று போனை நீட்டினார். "செவ்வாக்கெழம வரிக்கும் இருந்திச்சு."

வாங்கிப் பார்த்தேன். இருபத்தெட்டு வரைக்கும் இருந்தது. எல்லாவற்றுக்கும் எதிரே 'பாய்ந்தது'. அதற்குக் கீழே 29 என்று ஓர் எண். எண்ணுக்கு எதிரே வெறுமை. அதற்குக் கீழே ஒன்றுமே இல்லை.

"எனக்கு முன்ன இருக்கிற ரெண்டு பேருக்கும் போர் இருக்குது, காணோம்னு கவலப்படல. நான் எங்க போவேன்? தலைவரு பூட்டு எடுத்துக்கினு கௌம்பிட்டாரு. பக்கத்துல பேரு இல்லன்னா தண்ணி இல்லியாம். நெல்லு பால் புடிக்கிற நேரம் அண்ணா. இன்னிக்கி பாயலன்னா எல்லாம் பதருதான்."

எழிலரசனைக் கூப்பிட்டேன்.

"அந்தம்மா பேரு பட்டியல்ல இருக்குதுய்யா. போன்லதான் தெரியல."

"தெரியலன்னா இல்ல அண்ணே. தீர்மானம் அப்படி. நானா ஒரு ஆளுக்கு தொறந்தா நாளைக்கி முப்பது பேரு என் ஊட்டு வாசல்ல நிப்பான். பேரு வரட்டும், தொறக்கறேன். குத்தகக்காரரு பக்கத்துலதான் நிக்கிறாரு. பத்து நிமிசத்துல அங்க இருப்பேன்."

பத்து நிமிஷம்.

நீள வரியைப் பார்த்தேன். அந்த எண்ணோடு போன் வாயை மூடிக்கொள்ளும். பத்துப் படி என்று சொல்லி அனுப்பினால், மூட்டையில் பன்னிரண்டு படி இருந்தாலும் பத்தோடு அளப்பதை நிறுத்திவிடுகிற ஆள் மாதிரி. ரத்தினம்மாள் என்ற பெயரை விரல் விட்டு எண்ணினேன். ஏழு எழுத்து. தமிழ் எழுத்து ஒன்றுக்கு எடை மூன்று. இருபத்தொன்று என்று கொடுத்திருந்தேன்.

பிறகுதான் உறைத்தது. கணினிக்கு நம் பள்ளிக்கூடத்து எழுத்து தெரியாது. புள்ளியைத் தனியாக நிறுக்கும். துணைக்காலைத் தனியாக நிறுக்கும். 'தி'யின் தலையில் வளைகிற விசிறியையும் தனியாக நிறுக்கும். அந்தப் பெயரின் உண்மையான எடை முப்பத்தாறு. முப்பத்தொரு பேருக்கும் குறைத்து நிறுத்திருக்கிறேன். குறைந்ததெல்லாம் சேர்ந்து கடைசியில் இருந்தவர்கள் தலையில் விடிந்திருக்கிறது. மேல்மடைக்காரன் வாய்க்காலில் ஆளுக்கு ஒரு கை மண் போட்டால் கடைமடை காய்வது மாதிரி.

நான் வைத்த நானூற்றுச் சொச்சம் குறையை ஆறு நாளாக ஒருவர் சத்தமில்லாமல் திருத்திக்கொண்டிருந்தார். அவரைத்தான் நான் அடைத்தேன்.

உத்தேசமாக எண்ணைக் கூட்டிப் போட்டேன். போன் மீதிக்காகக் காத்துக்கொண்டு சுற்றிக்கொண்டே இருந்தது. குறைத்தேன், மறுபடி வெட்டியது. முப்பத்தொரு பெயரையும் புள்ளி புள்ளியாக எண்ண உட்கார்ந்தேன். பத்தாவது பெயரில் எண்ணிக்கை விட்டுப்போனது.

"இன்னும் அஞ்சு நிமிசம்தான் அண்ணா இருக்குது" என்றார் ரத்தினம்மாள்.

நிரலில் நான் அடைத்த சரத்தை அழித்தேன். எலுமிச்சம்பழத்தை எடுத்து ஜன்னல் வழியாக ஏரியில் எறிந்தேன்.

"பாவாடை" என்றேன். "நீயே போடு."

ஒன்றும் நடக்கவில்லை. விசிறி மட்டும் சுற்றியது.

"ஆறு நாளா கூப்பிடாமயே வந்து என் உயிர வாங்கின. இப்ப கூப்பிடறேன். வரமாட்டியா?"

ரத்தினம்மாள் வாசலைவிட்டுக் கொஞ்சம் ஒதுங்கி நின்றார். யாருக்கோ வழி விடுகிற மாதிரி.

சேற்று வாடை வந்தது.

ஈரக்கால் சத்தம். வாசல். மேசை. நாற்காலியின் பின்புறம்.

என் பிடரியில் ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தது. ஓடு ஒழுகவில்லை. மழை பெய்து நான்கு மாதம்.

கட்டளையைத் தட்டினேன்.

சர்வர்: பாவாடை

கீழே நீளம். நான் போடாத எண்.

"வந்துட்டிச்சி" என்றார் ரத்தினம்மாள், போனைப் பார்த்து. முப்பத்தொன்று, ரத்தினம்மாள். முழுசாக. கடைசிப் புள்ளி வரைக்கும்.

எழிலரசனைக் கூப்பிட்டேன். "பாக்கறேன், பாக்கறேன். இருக்குது. பதறாதீங்க, வந்து தொறக்கறேன்" என்றார். மடையைத் திருகும் இரும்புச் சாவி முழ நீளம் இருக்கும். ஊரில் ஒன்றுதான். அது அவரிடம்.

அப்போதுதான் வெளியே அந்தச் சத்தம் கேட்டது.

இரும்பு இரும்பில் திரும்புகிற சத்தம். ஒரு திருகு. கொஞ்சம் இடைவெளி. இன்னொரு திருகு.

பிறகு தண்ணீர்.

ஓடிப் போய்ப் பார்த்தேன். மடைமேல் யாரும் இல்லை. திருகுகம்பி ஈரமாகத் தானே மேலே ஏறி நின்றது. வாய்க்காலில் நுரையோடு தண்ணீர் கீழ்ப்பக்கம் போய்க்கொண்டிருந்தது. ஐந்தாவது நிமிஷம் எழிலரசன் பைக்கில் வந்து இறங்கினார். சாவி கையில் இருந்தது. தண்ணீரைப் பார்த்தார், சாவியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"நீங்க எப்பிடிண்ணே தொறந்தீங்க?"

"நான் எங்க தொறந்தேன். பக்கம்தான் போட்டேன்."

அவர் சாவியைக் கைமாற்றிப் பிடித்துக்கொண்டார். குத்தகைக்காரருக்கு போன் போட்டு, சாயந்திரம் வரச் சொன்னார்.

ரத்தினம்மாள் மட்டும் நிதானமாக இருந்தார். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு வாய்க்கால் வரப்பில் இறங்கும்போது சொன்னார்.

"அன்னிக்கி அடைச்சிக்கினது எம் மொறையிலதான் அண்ணா. பாதி நெலம்தான் பாஞ்சிருந்திச்சு. தோ வர்றேன் ரத்தினம், மீதியும் உட்டுடறேன்னு சொல்லிட்டு உள்ள எறங்கினாரு."

தண்ணீர் சரியாக ஆறு மணி நேரம் பாய்ந்தது. பிறகு நின்றது. யாரும் மடையைத் தொடவில்லை.

வெள்ளிக்கிழமை சாமான்களைக் கட்டப் போனேன். கட்டும் முன் மனம் கேட்கவில்லை. நிரலைத் திறந்து, சர்வரின் பெயர் வரியில் என் கையாலேயே பாவாடை என்று எழுதினேன். விதியாவது ஒன்றாவது, தமிழிலேயே எழுதினேன். சோதித்துப் பார்த்தேன். அவர் பெயர் வந்தது. அதன் கீழே நான் எழுதாத ஒரு வரியும் வந்தது.

வயா: கன்னியப்பன்

அப்படியும் ஒரு முன்வரி உண்டு. இன்னார் மூலமாக என்று அர்த்தம். இடையில் வாங்கிக் கொடுக்கிற ஆளின் பெயர் அதில் வரும். முப்பத்தெட்டு வருஷம் தொலைபேசி நிலையத்தில் நான் பார்த்ததும் அந்த வேலைதான். கோபப்பட வழியில்லை.

கணினியை வீட்டுக்குக் கொண்டுவந்து கட்டிலுக்கு அடியில் தள்ளினேன். மின்கம்பியைக் கழற்றி மீனம்பாளிடம் கொடுத்துவிட்டேன். அவள் கணினியின் மேல் உளுந்து டப்பாவை வைத்திருக்கிறாள். ஏரிக்கரை அறையில் இணைய இணைப்பையும் சங்கத்தில் எடுத்துவிட்டார்கள். அறை பூட்டிக் கிடக்கிறது.

ஆனாலும் உச்சிவேளையில் அந்த முகவரியைத் தட்டினால் பக்கம் வருகிறது. மற்ற நேரத்தில் வருவதில்லை. முப்பத்தொரு பெயர், போர்த் தண்ணீர் பாய்ச்சிய இருவரையும் சேர்த்து எதிரே முப்பத்தொரு 'பாய்ந்தது'. முறை எல்லாம் முடிந்துவிட்டதால் பக்கத்தில் மாறுவதற்கு ஒன்றுமில்லை. நீளமும் ஒரு மாதமாக மாறாமல்தான் இருந்தது.

நேற்று முப்பத்து மூன்று கூடியிருந்தது.

பட்டியலை மேலிருந்து கீழாக நான்கு தடவை பார்த்தேன். பெயர் எதுவும் சேரவில்லை. போன் மட்டும், மீதி வரும் என்று கடைசி வரியில் நின்று சுற்றிக்கொண்டிருந்தது.

முப்பத்து மூன்று எடையில் ஒரு பெயர். எனக்கு நிலம் கிடையாது. ஒரு சென்ட்கூட இல்லை. ஆனால் புள்ளி, விசிறி எல்லாவற்றையும் தனித்தனியாக நிறுக்க இப்போது கற்றுக்கொண்டேன். கன்னியப்பன் என்ற பெயரை விரல் விட்டு எண்ணி, மூன்றால் பெருக்கிப் பார்த்தேன். பதினொன்று, முப்பத்து மூன்றேதான்.

பிறகு கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்தேன். உளுந்து டப்பாவின் அடிப்பக்கம் ஈரமாக இருந்தது.